பெயர்ப் பலகை இல்லாத கடைகள் - புளியந்தோப்புக் குடியின் கதை

லண்டனில் ஒயிட்சேப்பல் என்று ஒரு பகுதி. துறைமுகக் கூலிகள், தொழிற்சாலைக்காரர்கள், வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த இடம். அந்த ஊர் வடசென்னை என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே 'பிளைண்ட் பெக்கர்' என்று ஒரு மதுக்கடை இருக்கிறது. தமிழில் சொன்னால் குருட்டுப் பிச்சைக்காரன். 1865-ல் வில்லியம் பூத் என்ற பாதிரியார் இந்தக் கடை வாசலில் நின்று குடிகாரர்களுக்குப் பிரசங்கம் செய்தார். சால்வேஷன் ஆர்மி என்ற அமைப்பின் தொடக்கமாக அதைச் சொல்வார்கள். நூறு வருஷம் கழித்து, 1966 மார்ச் 9-ம் தேதி, அதே கடைக்குள் ரோனி கிரே என்ற தாதா, எதிர் கோஷ்டியைச் சேர்ந்த ஜார்ஜ் கார்னெல்லைச் சுட்டுக் கொன்றான். சுவிசேஷமும் கொலையும் ஒரே கடையில்! கடை இன்றும் இருக்கிறது. உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வந்து ஒரு பைண்ட் பீர் வாங்கிக்கொண்டு, சுட்ட இடம் எது என்று விசாரித்துப் போகிறார்கள்.

பிரிட்டன் முழுக்க இப்படி முரட்டுக் கடைகள் உண்டு. அவற்றைத் தேடிப்போய்ப் பார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெயர், ஒரு படம் போட்ட பலகை, இரண்டு மூன்று நூற்றாண்டுக் கதை.

இப்போது புளியந்தோப்புக்கு வருவோம். முரட்டுத்தனத்துக்கோ கதைக்கோ பஞ்சம் இல்லாத ஊர். குடிக்கும் பஞ்சம் இருந்ததில்லை. ஆனால் நூறு வருஷம் நின்ற ஒரு மதுக்கடையை அங்கே காட்டுங்கள் பார்ப்போம். முடியாது. ஐம்பது வருஷக் கடை? அதுவும் இல்லை. இத்தனைக்கும் சென்னைப் பட்டணத்தை உருவாக்கியவர்களே அந்தப் பிளைண்ட் பெக்கர் ஊர்க்காரர்கள்தான். ஏன் இப்படி ஆனது?

ஆரம்பத்தில் கோட்டைக்குள் வெள்ளைக்காரர்கள் இந்த விஷயத்தில் சளைத்தவர்களாக இல்லை. 17-ம் நூற்றாண்டிலேயே மதராசில் பஞ்ச் ஹவுஸ்கள் வந்துவிட்டன. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று ஐந்தும் கலந்தது பஞ்ச். நம்ம 'பஞ்ச' என்ற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது என்று ஒரு கட்சி. இல்லை என்று இன்னொரு கட்சி. ஊரிலிருந்து பீர் கப்பலேறி வருவதற்குள் புளித்துப் போகும், விலையும் அதிகம். அதனால் கம்பெனி சோல்ஜர்கள் உள்ளூர்ச் சாராயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1670-களில் லாங்ஹார்ன் கவர்னராக இருந்தபோது ஒரு விதி போட வேண்டி வந்தது. ஒரு ஆளுக்கு ஒரு தடவையில் அரை பைண்ட் சாராயம் அல்லது பிராந்தி, அதோடு ஒரு குவார்ட் ஒயின், அதற்கு மேல் கொடுக்கக் கூடாது. மீறினால் கடைக்காரருக்கு ஒரு பகோடா அபராதம், குடித்தவருக்கு 12 பணம். அரை பைண்ட் என்றால் இன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை குவார்ட்டர். அதன்மேல் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் ஒயின். கட்டுப்பாடே இந்த அளவு என்றால், கட்டுப்பாடு இல்லாத நாட்களை யோசித்துப் பாருங்கள் :)

இந்த விதி ஒருபக்கம் இருக்க, சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டுக் காசு பார்க்கவும் கம்பெனி தவறவில்லை. வெற்றிலை, புகையிலைக் குத்தகை மாதிரி சாராயக் குத்தகையும் ஒன்று. ஒரு கையால் தடுப்பது, இன்னொரு கையால் வாங்கிப் போட்டுக்கொள்வது. இந்த வழக்கத்துக்கு வயது முந்நூறுக்கு மேல்!

நம்ம கேள்விக்கான பதில் அந்தக் குத்தகையில்தான் ஒளிந்திருக்கிறது.

இங்கிலாந்தில் லைசென்ஸ் ஒரு கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டது. ஒழுங்காக நடத்தினால் வருஷா வருஷம் புதுப்பித்துக்கொண்டே போகலாம். லைசென்ஸ் உள்ள வீட்டுக்கு மார்க்கெட்டில் விலை கூடும். அதனால் பீர் கம்பெனிகள் அந்த வீடுகளைப் போட்டிபோட்டு வாங்கின, கண்ணாடி, மரவேலை, கணப்பு அடுப்பு என்று செலவு செய்தன. செலவழித்த பணம் முப்பது நாற்பது வருஷத்தில் திரும்பி வரும் என்ற தைரியம் இருந்தது. பெயரும் பலகையும் அந்தத் தைரியத்தின் மேல் தொங்கியவை.

சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. 1886-ல் மெட்ராஸ் அப்காரிச் சட்டம் வந்தது. கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் வரி. அது போக, கடை நடத்தும் உரிமைக்கு வருஷா வருஷம் ஏலம். ஏலத்தில் ஆயிரக்கணக்கில் கேட்டு எடுத்தவருக்குக் கையில் இருப்பது 12 மாதம். அதற்குள் ஏலப் பணம், மர வரி, மரமேறியின் கூலி எல்லாவற்றையும் எடுத்து, லாபமும் பார்த்தாக வேண்டும். அடுத்த வருஷம் இன்னொருவர் கூடுதலாகக் கேட்டால் கடை போய்விடும். இந்த நிலையில் யார் தேக்கு மரத்தில் கவுன்ட்டர் போடுவார்? ஒரு ஓலைக் கொட்டகை, நாலு பானை, தகரக் குவளை, உட்கார ஒரு பலகை. முதலீடு அவ்வளவுதான். அவசரமாக விற்று அவசரமாகக் காசாக்கும் கடைக்குப் பெயர் எதற்கு? நம்ம குடிக்கடைகள் அழுக்காக இருந்ததற்கு நம்ம ஜனங்களின் குணம்தான் காரணம் என்று அந்தக் காலத்துத் துரைமார்கள் முதல் இன்றைய பெரிய மனிதர்கள் வரை பேசுவதுண்டு. ஏலக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

அரசாங்கத்துக்கோ இது அமுதசுரபி. சென்னை மாகாணத்தில் நிலவரிக்கு அடுத்தபடி பெரிய வருமானம் அப்காரிதான் என்று ஆனது.

இந்தக் கொட்டகைகளுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்தவை ஆலைகள். 1876-ல் பக்கிங்ஹாம் மில், 1881-ல் கர்நாடிக் மில். இரண்டும் பின்னால் ஒன்றாகி பி அண்டு சி ஆனது. பெரம்பூர், புளியந்தோப்பு, ஓட்டேரி, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரம் முழுக்க ஆலைச் சங்கின் சத்தத்துக்கு எழுந்து படுத்தது. 1920 வாக்கில் பத்தாயிரம் பேர் அளவுக்கு அங்கே வேலை பார்த்தார்கள். பஞ்சுத் தூசி தொண்டையில் அடைக்க, நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வெளியே வருபவருக்கு அன்றைக்குப் போக இரண்டே இடம். ஒன்று கோயில் பஜனை, இன்னொன்று கள்ளுக்கடை.

பஜனை மடத்துக்கு வரலாறு எழுதிவிட்டார்கள். ஆலைப் பக்கம் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திய ஒரு பஜனை சபையில் கூடிய தொழிலாளர்கள்தான் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பி.பி. வாடியா தலைவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பாடப் புத்தகத்தில் வருவது இதுதான். 1921-ல் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம், ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்பியது, அதையொட்டிப் புளியந்தோப்பில் சாதிக் கலவரம், எரிந்த குடிசைகள், ஆகஸ்ட் மாதம் போலீஸ் துப்பாக்கிச் சூடு... எல்லாம் பதிவாகியிருக்கிறது. அதே தொழிலாளர்கள் சாயங்காலம் கூலிக் குறைப்பைப் பற்றியும் மேஸ்திரியைப் பற்றியும் பேசித் தீர்த்த கள்ளுக்கடையைப் பற்றி? ஒரு பக்கம்கூடக் கிடைப்பது கஷ்டம். கடைகள் எழுத்தில் வருவது இரண்டே இடத்தில்: அப்காரிக் கணக்கில் வருமானமாக, மதுவிலக்குப் பிரசங்கத்தில் பாவமாக.

பிரசங்கம் சும்மா வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கூலி நாளில் வீட்டுக்கு வராத காசு பெண்களுக்குத்தான் தெரியும். அயோத்திதாச பண்டிதர் 1898-ல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது, போதையைத் தவிர்ப்பதும் அடங்கிய பஞ்சசீலம் சேரி மக்களின் சுயமரியாதைக் கேள்வியாக மாறியது. 1921-ல் ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் சூடு பிடித்தது. பெரியார் தன் தென்னை மரங்களையே வெட்டிச் சாய்த்தார். ஈரோட்டு மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் தெருவில் இறங்கினார்கள். ராஜாஜி திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து 'விமோசனம்' என்று மதுவிலக்குக்காகவே ஒரு பத்திரிகை நடத்தினார். துணைக்கு இருந்தவர் கல்கி.

அதே ராஜாஜி முதல்வரானதும் 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். சித்தூர், கடப்பா, வடஆற்காடு என்று அது பரவியது. இங்கே வணிகவியல் மாணவர்கள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொள்ளவும். மூடிய கடைகளின் வருமானத்தை எப்படி ஈடுகட்டுவது? 1939-ல் ராஜாஜி கண்டுபிடித்த வழிதான் பொது விற்பனை வரி. இந்தியாவிலேயே முதல் முறை. பின்னால் எல்லா மாநிலமும் காப்பியடித்து, வாட் ஆகி, ஜி.எஸ்.டி. வரை வந்த அந்த வரியின் பிறப்புக்குக் கள்ளுக்கடைப் பூட்டுதான் காரணம். கணக்குப் புத்தகத்தில் இதைப் போட்டிருந்தால் பாடம் இன்னும் சுவாரஸ்யமாக இருந்திருக்கும்.

நடுவில் யுத்த காலத்தில் ஒரு தளர்வு. பிறகு 1946 முதல் மறுபடியும் மாவட்டம் மாவட்டமாக மூடி, ஓமந்தூரார் ஆட்சியில் 1948 அக்டோபர் 2-ல், காந்தி ஜெயந்தி அன்று, சென்னை நகரமும் மதுவிலக்குக்குள் வந்தது. புளியந்தோப்பின் கொட்டகைகள் எல்லாம் ஒரே நாளில் போயின. பெயரில்லாமல் இருந்தவை சுவடும் இல்லாமல் போனது அப்போதுதான்.

குடி போனதா என்றால், ஆளைப் பொறுத்தது. பணக்காரர்களுக்குப் பெர்மிட் இருந்தது. உடம்புக்கு இது அவசியம் என்று டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கிக் காட்டினால் சர்க்கார் பெர்மிட் தரும். பெரிய ஓட்டல்களில் வெளிநாட்டவருக்கும் பெர்மிட்காரர்களுக்கும் தனி அறை. 1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப், பெயர் மாறாமல் இன்றுவரை இருக்கிறது. பிளைண்ட் பெக்கர் மாதிரி பழம்பெருமையோடு உட்கார்ந்து குடிக்க இந்த நகரத்தில் இடம் இருக்கிறது, ஆனால் அது அண்ணாசாலைக்கு இந்தப் பக்கம் உள்ளவர்களுக்கு இல்லை.

புளியந்தோப்புக்காரருக்குப் பெர்மிட் யார் கொடுப்பார்? அவருக்கு மருந்துக்கடையில் டிங்சர் ஜிஞ்சர். அஜீரணத்துக்கு ஒரு ஸ்பூன் குடிக்க வேண்டிய மருந்தை பாட்டில் பாட்டிலாகக் குடித்தார்கள், அதில் ஆல்கஹால் இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. அதுவும் இல்லாவிட்டால் மரச்சாமானுக்குப் பூசும் வார்னிஷ், பிரெஞ்சு பாலீஷ். அதில் கலந்த மெத்தில் ஆல்கஹால் முதலில் கண்ணைப் பறிக்கும், பிறகு உயிரை. வெளியிலிருந்து சைக்கிள் டியூப்பிலும் லாரி டியூப்பிலும் நிரப்பிக் கொண்டுவந்த பட்டைச் சாராயம் இன்னொரு வழி. வெல்லத்தையும் வேலம்பட்டையையும் ஊறப்போட்டுக் காய்ச்சுவது. பட்டை என்ற பெயரே அந்த மரப்பட்டையால் வந்தது. காசிமேட்டுப் பக்கம் சுண்டக்கஞ்சி: சோற்றைப் புளிக்க வைத்து இறக்கும் மீனவர் சரக்கு. காய்ச்ச வேண்டாம், பானை போதும், புகை வராது, போலீசுக்கும் தெரியாது.

கடை என்ற ஒன்று அப்போது கட்டடமாக இல்லை, ஆளாக இருந்தது. சந்தின் கடைசி வீட்டில் ஒரு அக்கா, திண்ணையில் ஒரு ஆயா. கணவன் குடித்தே செத்த பிறகு வேறு பிழைப்பு இல்லாமல் சரக்கு விற்க உட்கார்ந்த பெண்களும் அதில் இருந்தார்கள். போலீஸ் மாமூல் தனி. 2021-ல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில் பாக்ஸர் கபிலன் கள்ளச்சாராயத் தொழிலில் விழுவதைக் காட்டியிருப்பார்கள். பா. ரஞ்சித் கற்பனையிலிருந்து இழுத்துவந்த விஷயம் இல்லை அது. வடசென்னையில் வேலை போனவனுக்குப் பக்கத்திலேயே திறந்திருந்த கதவு.

அதற்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் கேட்டால் தலை சுற்றும். 1971-ல் கருணாநிதி மதுவிலக்கை ஒத்திவைத்தார். நிதி நெருக்கடி; புதிதாக மதுவிலக்கு கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் மத்திய அரசின் மானியம், ஏற்கெனவே வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இல்லை என்பது அவர் தரப்பு வாதம். 92 வயது ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதை இன்றும் சொல்வார்கள். கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்தன. 1973, 74-ல் மறுபடி பூட்டு. 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987 ஜனவரி 1 முதல் கள், சாராயக் கடைகளுக்கு அவரே பூட்டுப் போட்டார். கள்ளுக்கு அன்று போட்ட பூட்டு இன்னும் திறக்கவில்லை. 1990-ல் கருணாநிதி மலிவு விலை மது கொண்டுவர, 1991 ஜூலையில் ஜெயலலிதா அதை ஒழித்தார்.

கூட்டிப் பாருங்கள். 1948-க்குப் பிறகு ஒரு கள்ளுக்கடை சட்டப்படி திறந்திருந்த காலம் மொத்தமே சுமார் எட்டு வருஷம், அதுவும் இரண்டு துண்டாக. இதில் எந்தக் கடைக்கு வரலாறு வரும்? ஒரு தலைமுறை ஒரு கடையில் உட்கார்ந்து பழகுவதற்குள் கடை இல்லை. இன்னொரு விஷயம், ஒவ்வொரு முறையும் மூடப்பட்டது ஏழையின் சரக்கு. 1987-ல் கள், சாராயம் போன பின்னும் பிராந்தி, விஸ்கி போகவில்லை. 1981-க்குப் பிறகு ஒயின் ஷாப்கள் தனியார் கையில் இருந்தன. அவற்றுக்காவது பெயர்கள் இருந்தன, பெரும்பாலும் சாமி பெயரோடு 'ஒயின்ஸ்' சேர்த்து. உள்ளே ஒயின் கேட்டவர்தான் யாரும் இல்லை.

1996-ல் பி அண்டு சி மூடப்பட்டது. ஒரு வட்டாரத்தின் கடிகாரமே நின்றுபோன மாதிரி. நிரந்தரச் சம்பளம் போய், ஆட்டோ, மூட்டை, பெயின்டிங், தினக்கூலி என்று ஆனது. சம்பள நாள் குடி, தினக் குடியாக மாற இது வசதி செய்துகொடுத்தது. சரியாக அந்தக் காலத்தை ஒட்டி, 2003 நவம்பர் 29-ல், ஜெயலலிதா ஆட்சியில் டாஸ்மாக் சில்லறை விற்பனைக்கும் வந்தது. 1983 முதல் மொத்த வியாபாரம் மட்டும் செய்துகொண்டிருந்த அரசு நிறுவனம். ஏலம் எடுத்தவர்கள் போனார்கள். கவுன்ட்டருக்குப் பின்னால் அரசே வந்து நின்றது. 2003-04-ல் சுமார் 3,600 கோடி ரூபாய் வருமானம், 2023-24-ல் 45,000 கோடிக்கு மேல். சாமி பெயர்கள் இறங்கி, கடைக்கு எண் வந்தது.

அரசே மதுக்கடை நடத்துவது தமிழ்நாட்டில் மட்டும் நடக்கும் அதிசயம் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போரில் பிரிட்டன் இதைச் செய்திருக்கிறது. ஸ்காட்லாந்து எல்லையில் கிரெட்னா என்ற இடத்தில் பிரம்மாண்டமான வெடிமருந்துத் தொழிற்சாலை. அங்கே வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்கள் சாயங்காலமானால் பக்கத்து கார்லைல் நகரத்தில் குடித்துவிட்டு ரகளை. குண்டு செய்கிற கை நடுங்கினால் என்ன ஆவது? 1916-ல் அரசு அந்த வட்டாரத்துப் பப்புகளையும் பீர் ஆலைகளையும் விலைகொடுத்து வாங்கித் தானே நடத்தியது. முக்கியமான விஷயம் இதுதான்: பீர் விற்றால் மேனேஜருக்குக் கமிஷன் கிடையாது, சாப்பாடு விற்றால் உண்டு. உட்கார்ந்து சாப்பிடும் இடமாக, வெளிச்சமும் காற்றும் உள்ள இடமாகக் கடைகளை மாற்றிக் கட்டினார்கள். 1973 வரை இந்த ஏற்பாடு ஓடியது.

டாஸ்மாக் பாரில் கணக்கு எப்படி? கடை அரசுடையது, ஒட்டியிருக்கும் பார் டெண்டர் எடுத்தவருடையது. டெண்டர் எதற்கு என்றால், தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் எடுத்துக்கொள்ளவும். பழைய கள்ளுக்கடை ஏலத்தின் அதே தர்க்கம். காலக்கெடு உள்ளவன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க மாட்டான். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, காலடியில் ஈரம். கம்பிக்குப் பின்னால் கையை நீட்டி வாங்கும் குவார்ட்டர். தனி ஆளாக வந்தவர், காசு போதாத இன்னொரு தனி ஆளைப் பார்த்து "கட்டிங்?" என்று கேட்டால் போதும், 180 மில்லியை இரண்டாகப் பிரிக்கும் கூட்டாளித்தனம் உடனே கையெழுத்தாகும். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, பார்ட்னர்ஷிப் சட்டமும் தேவையில்லை. பெயர்கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

சும்மா சொல்லக்கூடாது, புளியந்தோப்பில் சைடு டிஷ் மட்டும் எந்த லண்டன் பப்புக்கும் சவால் விடும். காரணம் ஆட்டுத்தொட்டி. மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் பக்கத்திலேயே இருப்பதால் போட்டியும் ரத்தமும் ஈரலும் அன்றன்றைக்கு வரும். மிளகு தூக்கலாகப் போட்ட போட்டி வறுவல், வெங்காயத்தோடு ரத்தப் பொரியல், காசிமேட்டிலிருந்து வந்த நெத்திலி. பாருக்கு வெளியே தள்ளுவண்டியில் இவற்றைச் செய்து விற்பவர்களில் பெண்கள் நிறைய. கடையின் வரலாற்றை மூடித் திறந்து மூடியவர்களால் கலைக்க முடியாமல் தொடர்ந்து வந்தது இந்த ருசி மட்டும்தான்.

இன்னொரு வேடிக்கை பாக்கி இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து, மாநிலங்களின் விற்பனை வரியைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டது. தப்பித்து நிற்பவை முக்கியமாக இரண்டு, ஒன்று பெட்ரோல் வகையறா, இன்னொன்று மது. அதாவது, மது வருமானத்துக்கு மாற்றாக 1939-ல் பிறந்த வரி, இன்று மதுவைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்கிறது. கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் மதுவிலக்கு என்ற சொல்லை உச்சரிக்கத் தயங்குவது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை. மூடினால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதற்கும் எளிதான பதில் இல்லை. கடைகள் திறந்தே இருந்த 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குவார்ட்டர் வாங்கக் காசு போதாதவர்கள் அவர்கள். வார்னிஷ் குடித்தவர்களின் வாரிசுகள்.

2023 ஜூனில் அரசு 500 கடைகளை மூடியபோது மீதி 4,829. அவற்றின் எண் எதுவும் புளியந்தோப்பில் யார் வாயிலும் வராது. பாலத்துக்குக் கீழே இருந்தால் பாலத்துக் கடை, மார்க்கெட் ஓரம் என்றால் மார்க்கெட்டு கடை. பெண்கள் போராடியோ, கோயில், பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறது என்றோ ஒரு கடையை எடுத்துவிட்டாலும் பெயர் அந்த இடத்தை விட்டுப் போவதில்லை. அங்கே இப்போது செல்போன் கடையோ சலூனோ இருக்கும். ஷேர் ஆட்டோவில் வருகிறவர் மட்டும் இன்னமும் குரல் கொடுப்பார்: "அண்ணா, பழைய ஒயின் ஷாப்பாண்ட நிறுத்து."